ராகு காலத்தில் நகல் எடுப்பதில்லை

கம்ப்யூட்டர் எது சொன்னாலும் பிச்சை பதில் சொல்வார். திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் குரல் "பேட்டரி இருபது சதவீதம்" என்றால், "பாத்துக்குறேங்க" என்பார். "கோப்புறை காலியாக உள்ளது" என்றால், "அப்படிங்களா" என்பார். பொன்னமராவதியில் அவர் அறைக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கார்த்திகா இதை ஏழு வருடமாகக் கேட்கிறாள். மனிதர்களிடம் அவர் இத்தனை மரியாதை காட்டி அவள் பார்த்ததில்லை.

பிச்சை கல்யாணத் தரகர். பத்து வயதில் பார்வை போய்விட்டது. வருகிறவர்கள் ஜாதகத்தை வாசிக்க வாசிக்க, கட்டம் கட்டமாகத் தட்டச்சு செய்துகொண்டு தாளை அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆக, ஆயிரத்து இருநூறு பெண்களும் பிள்ளைகளும் அந்தப் பழைய லேப்டாப்புக்குள் மட்டுமே இருந்தார்கள். அதுவோ ஐப்பசியில் கரகரவென்று இருமத் தொடங்கியது.

"அது போச்சுன்னா நானும் போனேன்த்தா" என்றார் கார்த்திகாவிடம்.

அவள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். வீட்டில் முதல் டிகிரி. அந்தப் பெருமையில் அழகான பேக்கப் மென்பொருள் ஒன்றை இறக்கினாள். திரையில் நான்கு பச்சை வட்டங்கள். பிச்சை விசையைத் தட்டினார். "பட்டன்" என்றது குரல். மறுபடி தட்டினார். "பட்டன்." நான்கும் அதுவேதான்.

"நாலு பிள்ளைக்கும் ஒரே பேரா? எதைத் தொட்டா எது அழியும்னு யாருத்தா சொல்றது?"

இரண்டாவது, இணையத்தில் சேமிப்பது. கணக்குத் திறக்கப் போனால், பஸ் உள்ள படங்களைத் தொட்டு, தான் மனிதன்தான் என்று நிரூபிக்கச் சொன்னது.

"எந்த ஊரு பஸ்ஸாம்?"

"போர்டு தெரியலைண்ணே."

"கண்ணிருக்கிற ஒனக்கே தெரியலை. விடு. வயசுப் பிள்ளைக ஜாதகம், ஊரான் வீட்டுல எதுக்கு."

அதன் பிறகுதான் கார்த்திகா திரையை அணைத்துவிட்டு, காதால் மட்டும் வேலை செய்து பார்த்தாள். ஐந்து நிமிடத்தில் வியர்த்தது. மூன்று வருடம் தான் படித்ததெல்லாம் கண்ணுக்கு மட்டுந்தானோ என்று தோன்றியது. கடைசியில் ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி, ஜாதகங்களை எல்லாம் அதில் நகலெடுக்கிற சின்ன நிரல் ஒன்றை எழுதினாள். படமில்லை, பட்டனில்லை. முடிந்ததும் ஒரே ஒரு வரி: "ஆயிரத்து இருநூற்று மூன்று ஜாதகம் பத்திரம்." பிச்சைக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துவிட்டது. தினமும் காலை பதினொரு மணிக்கு அதுவே ஓடும்படி வைத்தாள். அவள் கடையில் கூட்டமில்லாத நேரம் அது.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை. முகூர்த்த மாதம். பத்தரை மணிக்குள் ஒன்பது பேர் ஜாதகம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். பன்னிரண்டு அடிக்கச் சற்று முன்னால் லேப்டாப் கடைசியாக ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது. பிச்சை டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு சுவரைத் தடவியபடி ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். கார்த்திகா அதைத் தன் கம்ப்யூட்டரில் செருகினாள். பழையது எல்லாம் இருந்தது. அன்றைய ஒன்பது இல்லை.

"பதினோரு மணிக்கு ஓடியிருக்கணுமேண்ணே."

"டிஸ்க்கை உருவி வச்சிருந்தேன்."

"ஏன்?"

"வெள்ளிக்கிழமை பத்தரைலருந்து பன்னண்டு ராகு காலம். அந்த நேரத்துல ஜாதகத்தை எடுத்து வேற எடத்துல வச்சா அந்தப் பிள்ளைக்கு விடியுமா? வாரா வாரம் உருவிட்டு, பன்னண்டு அடிச்சதும் செருகி நானே ஓட்டிருவேன். இன்னைக்கு அதுக்குள்ள இது முந்திக்கிருச்சு."

கோபப்படலாம் என்று வாயைத் திறந்தாள். எதிரே சுவரில் தினசரி காலண்டர். தேதிக்குக் கீழே ராகு காலம் அச்சாகியிருந்தது. தினம் அதைக் கிழிக்கிறவளே அவள்தான். கேட்காமல் நேரம் வைத்தது யார்?

எட்டுப் பேர் முன்பே பழக்கமானவர்கள்; அவர்களைப் பிச்சை குரலை வைத்தே நினைவுக்குக் கொண்டுவந்தார். போன் போட்டதும் மறுபடி கொடுத்தார்கள். ஒன்பதாவது ஓர் அம்மா. மகளுக்கு மக நட்சத்திரம், வீடு குன்றாண்டார்கோவில் பக்கம். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று மூச்சுவிடாமல் வாசித்தவர், பேரையும் நம்பரையும் அதே வேகத்தில் சொல்லிவிட்டு ஓடினார். இரண்டும் லேப்டாப்போடு போயின.

மற்றவர்களிடம் "பாப்போங்க" என்று மட்டும் சொல்கிற பிச்சை, அந்த அம்மா கெஞ்சியதில் மட்டும் வாக்குக் கொடுத்திருந்தார்: "தை முடியிறதுக்குள்ள மாப்பிள்ளையோட வாரேன், போங்க."

அந்தப் பக்கம் போகிற கண்டக்டர்களிடமெல்லாம் சொல்லி வைத்தார்கள். தெரியாத நம்பரில் அழைப்பு வந்தால் பிச்சை வணக்கம் சொல்வதில்லை, "மகமா?" என்றுதான் கேட்கிறார். பாதிப் பேர் ராங் நம்பர் என்று வைத்துவிடுகிறார்கள்.

இப்போது மாசி. மகத்துக்குப் பொருந்துகிற வரன்கள் மூன்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். பெண்தான் யாரென்று தெரியவில்லை.