இடது கண்மலர்

பேய், அருள்வாக்கு எதையும் நம்பாதவன் நான். புனே பக்கம் ஆகுர்டி தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை. உலோகம் சொன்னபடி வரவில்லையென்றால் அளவு தப்பு, அவ்வளவுதான் நானறிந்த வேதாந்தம். இதை மட்டும் எந்த அளவில் சேர்ப்பது என்று தெரியவில்லை, நீங்களே சொல்லுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி, தாபோடியில் குடியிருந்தோம். என் மகள் நித்யா விளையாடும்போது கில்லி தெறித்து அவள் இடது கண்ணில் பட்டுவிட்டது. ஆபரேஷன் செய்தாலும் பார்வை வருமென்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். மனைவி செல்வி மாரியம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டாள்.

"கடையில வாங்குனது வேணாங்க. உங்க கையாலயே அடிச்சுக் குடுங்க."

எரிச்சல்தான், ஆனால் அவள் முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. சாமி கவசங்களைக் காலங்காலமாக அடிக்கிற அதே நகாசு வேலை. வெள்ளித் தகட்டை இளகிய அரக்கில் கவிழ்த்துப் பின்பக்கம் தட்டினால் முன்பக்கம் புடைத்து வரும். பின்னாலிருந்து தட்டுவதால் படத்தை இடம் வலம் மாற்றி வரைய வேண்டும். நானோ மகள் நினைப்பில் ஒன்றை மாற்றி வரைந்துவிட்டு, மற்றதை நேராகவே வரைந்து தொலைத்தேன். அரக்கிலிருந்து எடுத்துத் திருப்பினால் இரண்டுமே வலது கண்! வேறு தகடும் இல்லை, மறுநாள் ஆபரேஷன். செல்வி அடுப்படிக்குப் போய் அழுதாள்.

இருந்ததைச் சாமி படத்தின் முன் வைத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆபரேஷன் முடிந்த சாயங்காலம் மாற்றுத்துணி எடுக்க நான் மட்டும் வந்தேன். பூட்டு போட்டபடி இருந்தது, சாவி என் பையில். விளக்கைப் போட்டுப் பார்த்தால் ஒன்று வலது, ஒன்று இடது.

இரண்டையும் திருப்பினேன். என் சுத்தியல் முகத்தில் ஒரு கீறல் உண்டு, தட்டுகிற இடமெல்லாம் அது பதியும். வலது கண்ணின் பின்பக்கம் அந்தக் கீறல் இருந்தது. இடது கண்ணின் பின்பக்கம் கடுகளவுப் புள்ளிகள், ஒன்றில்கூடக் கீறல் இல்லை. நான் முதலில் தப்பாகப் பார்த்திருப்பேன் என்பீர்கள். அப்படியானால் செல்வி எதைப் பார்த்து அழுதாள்?

கட்டுப் பிரித்ததும் நித்யா வலது கண்ணைப் பொத்திக்கொண்டு என் சட்டையைப் பார்த்து, "அப்பா, ஒரு பட்டன் காணோம்" என்று சிரித்தாள். செல்வி அழுதாள், நானும்தான். அது டாக்டரின் கைராசி என்றே இன்றும் சொல்வேன். ஆனால் அடுத்து நித்யா ஒன்று கேட்டாள்.

"ஆபரேஷன் அன்னிக்கு நான் தூங்குறப்ப பக்கத்துல உக்காந்து டொக்கு டொக்குன்னு தட்டினது யாருப்பா?"

"நான் வீட்டுல தட்டினேன்ல, அந்த ஞாபகம்மா."

"இல்லப்பா, நிஜமா. நீ பலமா தட்டுவ. அவங்க மெதுவா தட்டினாங்க. வலிக்குதாம்மான்னு கேட்டுக் கேட்டுத் தட்டினாங்க."

"நர்ஸா இருக்கும்."

"நர்ஸ் மராத்தில்ல பேசுவாங்க. இவங்க தமிழ்ல கேட்டாங்க."