சிலுவைமுத்துவும் வியாழனின் அமோனியா மேகமும்

ராயபுரம் கடற்கரையோரம் ஓர் ஐஸ் ஃபாக்டரியில் சிலுவைமுத்து பதினெட்டு வருஷம் மெஷின் ஓட்டினார். குழாய்களில் ஓடும் அமோனியாதான் தண்ணீரைக் கட்டியாக்கும். அது கசியாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அந்த நெடியிலேயே கிடந்து அவருக்கு மூக்கு செத்துப்போயிருந்தது. அதனால் கந்தகத் திரியைக் கொளுத்திக் குழாயோரம் காட்டிக்கொண்டே போவார். எங்கே வெள்ளைப் புகை கிளம்புகிறதோ அங்கே கசிவு.

1955இல் மாதா கோயில் ஹாலில் 'வானமண்டலம்' என்று ஒரு படக்காட்சி போட்டார்கள். மோட்சத்தைப் பற்றிய பிரசங்கம் என்று நினைத்து அவர் மனைவி அடைக்கலமேரி அவரையும் இழுத்துக்கொண்டு போனாள். பேசியவர் சங்கரநாராயணன், கல்லூரியில் ரசாயனம் நடத்துபவர். திரையில் பட்டை பட்டையாக ஓர் உருண்டை தெரிந்தது.

"இது வியாழன். குருன்னு சொல்றோமே, அந்தக் கிரகம். இதோட மேல்மேகத்துல இருக்கிறது உறைஞ்ச அமோனியாத் துகள்."

சிலுவைமுத்து எழுந்துவிட்டார். "இன்னா சார், அமோனியாவா? யாரு போயி மோந்து பாத்தது?"

ஹாலே சிரித்தது. அவர் நிஜமாகவே கேட்கிறார் என்று சங்கரநாராயணனுக்குப் புரிந்தது.

"யாரும் போகலை. அங்கிருந்து வர்ற வெளிச்சத்தை நிறம் நிறமாப் பிரிச்சா, நடுவுல கறுப்புக் கோடு விழும். அமோனியான்னா எந்த இடத்துல விழும்னு இங்கேயே சோதிச்சு வச்சிருக்கோம். அதே இடத்துல அங்கேயும் விழுது."

"அது மத்ததை ஒறைய வைக்கிற சரக்கு சார். அதையே ஒறைய வைக்கிறது எது?"

"குளிர்தான். சூரியன்கிட்டேயிருந்து அவ்வளவு தூரம்."

திரும்பும் வழியில், "கடைசி வரைக்கும் மோட்சமே வர்ல," என்றாள் அடைக்கலமேரி. அவர் காதில் விழவில்லை. திரியை ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் அவருக்குக் கசிவு தெரியாது. சங்கரநாராயணனோ கிட்டே போகாமலே தெரியும் என்கிறார். மெஷினே இல்லாமல் உறையும் என்கிறார். பொய் சொல்கிற முகமாகவும் இல்லை.

மறுவாரம் சங்கரநாராயணனைத் தேடிப்போய் ஃபாக்டரிக்குக் கூட்டிவந்தார். ஒரு வால்வைக் கொஞ்சமாகத் திறந்தார். அடுத்த நொடி சங்கரநாராயணன் கண்ணைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். சிலுவைமுத்து பின்னாலேயே தண்ணீரோடு ஓடினார்.

"மன்னிச்சுக்க சார். இதேவா அது?"

"இதேதான்." இருமல் அடங்க நேரமானது. "புட்டியில மோந்ததோட சரி. இதுக்குள்ள நின்னதில்லை."

"அந்த மேகத்துக்குக் கீழ இன்னா கீது?"

"அது எங்களுக்கே சரியாத் தெரியலை."

சிலுவைமுத்துவுக்கு அந்த ஒரு பதில் மட்டும் முழுசாகப் புரிந்தது. சங்கரநாராயணன்மேல் ஒரு நம்பிக்கையும் வந்தது. மற்றதெல்லாம் குழப்பமாகவே இருந்தது.

அன்று அந்தி சாயும் நேரத்தில், குரு எது என்று தெருவில் விசாரித்தார். எதிர்வீட்டுப் பட்டம்மாள் மேற்கே ஒன்றைக் காட்டினாள். துறைமுகத்தில் படகு ஓட்டும் ராசையா கிழக்கே வேறொன்றைக் காட்டினார். இருவரும் அடித்துச் சொன்னார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று சிலுவைமுத்து இரண்டையும் பார்த்து வைத்துக்கொண்டார்.