பேருக்கு ஒரு துணை

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அரைப்பது அவளுடைய வேலை. பத்தொன்பது வருடமாக அதே மெஷின், அதே ஸ்டூல். நாற்பத்தேழு வயதில் அவளுக்கு ஓர் ஆசை வந்தது. முதுகில் பையை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் மூன்று இரவு தங்கி நடந்துவிட்டு வரவேண்டும். தனியாக.

பையும் கூடாரமும் ஒரே நாளில் வாங்கியாகிவிட்டது. காகிதம்தான் உயிரை எடுத்தது. வனத்துறை விண்ணப்பம் ஆறு பக்கம். எந்த இரவு எந்த முகாம், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, ரத்த வகை என்ன என்று மதிய இடைவேளைகளில் நிரப்பிக்கொண்டே வந்தாள். ஐந்தாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: தனி நபருக்கு அனுமதி இல்லை.

புருஷனிடம் கேட்டாள்.

"ஆளை விடு தாயே! மாடிப்படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்குது. அக்காவைக் கேட்டுப் பாரேன்."

அக்கா என்றால் அவளுடைய நாத்தனார். வீட்டுக்கு எதிர்க் கட்டடத்தில் குடியிருந்தாள். கூரியர் ஆபீசில் பார்சல் எடைபோடும் வேலை. வாயைத் திறந்தால் மூட மறந்துவிடுகிற ரகம். இவள் வேறு வழியில்லாமல் போய் நின்றாள்.

"அண்ணி, பேருக்கு ஒரு கையெழுத்து போட்டா போதும். நீங்க வர வேண்டியதில்ல."

"அதுக்கென்ன, போட்டாப் போச்சு."

ஆனால் இருவரும் நேரில் வந்தாகவேண்டும் என்றது வனத்துறை அலுவலகம். கவுன்டரில் இருந்தவர் நாத்தனாரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, நிஜமாவே போறீங்களா, இல்ல பேருக்கா?"



"போறேன் சார். ரெண்டாவது முகாம்ல தண்ணி கிடைக்குமா? கரடி வந்தா ஓடணுமா, நிக்கணுமா?" என்று ஆரம்பித்தாள் நாத்தனார். பின்னால் வரிசை நீண்டது. அவர் அவசர அவசரமாக விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, டாக்டர் சான்றிதழ் மட்டும்தான் பாக்கி என்றார்.

வெளியே வந்ததும் நாத்தனார் சொன்னாள்: "ஆபீசர்கிட்ட போறேன்னு சொல்லிட்டேன். இனி வந்துதான் ஆகணும்."

டாக்டர் நாத்தனாருக்கு உடனே எழுதிக் கொடுத்தார். இவள் கையில் பட்டையைச் சுற்றி இரண்டு தடவை ரத்த அழுத்தம் பார்த்தார்.

"பிரஷர் ஜாஸ்தியா இருக்கு. மாத்திரை தரேன். ஒரு மாசம் கழிச்சு வாங்க, பார்த்துட்டு எழுதறேன்."

பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். கண் நிறைந்திருந்தது. நாத்தனாரும் ஆச்சரியமாக ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போதுதான் சொன்னாள்:

"நாளைக்குக் காலைல அஞ்சரைக்குக் கீழ இறங்கி வா. ரெண்டு பேரும் நடப்போம். உப்பைக் குறை."

நடந்தார்கள். முதல் வாரம் மார்க்கெட் வரை, பிறகு பாலம் வரை, கடைசியில் கல் நிரப்பிய பைகளோடு பாலம் தாண்டியும். நாத்தனார் பேசப் பேச, வேலைக்குப் போகுமுன் மனம் லேசாவதை அவள் கவனித்தாள். ஒரு மாதத்தில் பிரஷர் இறங்கியது. சான்றிதழ் வந்தது, பின்னாலேயே அனுமதிச் சீட்டும்.

காட்டில் இரண்டாம் இரவு மழை கொட்டியது. கூடாரத்தின் ஒரு மூலை ஒழுக, இருவரும் மறு மூலையில் ஒண்டிக்கொண்டு ரொட்டி தின்றார்கள். நான்காம் நாள் மதியம் வாசல் காவலர் பதிவேட்டை நீட்டினார். வெளியேறியோர் என்ற கட்டத்தில் 'இரண்டு' என்று எழுதி, குதிகாலில் கொப்புளத்தோடு நின்றபடியே அவள் கையெழுத்துப் போட்டாள்.