கெண்டைக்காலுக்கு வந்த வேலை

முடிதிருத்தும் கடைக்காரருக்கு வயது ஐம்பத்திரண்டு. முப்பது வருடமாக ஒரே சுழல்நாற்காலியைச் சுற்றி நின்றே பிழைத்தவர். மணிக்கொரு தடவை சர்க்கரை தூக்கலாக ஒரு டீ, நடுநடுவே உப்புக்கடலை. சாயங்காலத்துக்குள் கணுக்கால் வலித்து வீங்கி, செருப்பு வார் அழுந்திய தடம் விழுந்துவிடும். கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாகச் சுருண்டு புடைத்திருந்தன. வயசாகிவிட்டது என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

மனைவி விடவில்லை, மருத்துவரிடம் இழுத்துப் போனாள். ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை, அசையாமல் நின்றால் அது சும்மா கிடக்கும், ரத்தம் கீழேயே தேங்கும் என்றார் மருத்துவர். உப்பு உடம்பில் நீரைத் தேக்கும், கூடுகிற எடை முழங்காலில்தான் ஏறும். இறுக்கமான காலுறை போடுங்கள், நடங்கள், நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டில் உப்பு பாதியானது. சாப்பாடு காகிதம் மாதிரி இருக்கிறது என்று அவர் முணுமுணுத்தார்.

“உப்பு தாராளமா போடறேங்க. அப்புறம் அந்தக் காலையும் நீங்களேதான் தூக்கிட்டு நடக்கணும்” என்றாள் மனைவி. அவர் சோற்றைப் பிசையத் தொடங்கினார்.

மறுநாள் ஓய்வுபெற்ற தபால்காரருக்குச் சவரம். கழுத்தில் கத்தி இருக்கும்போதே கடைக்காரர் குதிகாலைத் தூக்கி இறக்கினார். தபால்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, ஒண்ணு நீ ஆடறதை நிறுத்து. இல்ல, கத்தியைக் கீழ வை.”

மருத்துவர் சொன்னதைக் கேட்டதும் தபால்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நுரை பூசும்போது மட்டும் குதிகால் தூக்கலாம் என்று ஒப்பந்தம் ஆனது. பிறகு தன் முழங்காலைத் தடவியபடி, தெருத்தெருவாக நடந்த காலத்தில் இது ஒருநாளும் வலித்ததில்லை என்றார். ஓய்வுபெற்றதிலிருந்து டிவி முன்னால் வறுவல் தட்டோடு உட்கார்ந்ததில் உடம்பு பெருத்து, மூட்டு இறுகிப் போயிருந்தது.

“அப்ப காலையில என்னோட வாங்கண்ணே. ரெண்டு பேரும் மெதுவாவே நடப்போம்” என்றார் கடைக்காரர்.

முதல் நாள் தெருமுனையிலேயே இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். ஆனாலும் விடவில்லை. ஒவ்வொரு வாசலிலும் தபால்காரருக்கு ஒரு பழைய கடிதக்கதை இருந்தது. கதை கேட்கும் ஆசையில் கடைக்காரர் தூரம் மறந்தார்.

ஆறு மாதத்தில் கடைக்காரரின் கால் வீக்கம் வடிந்தது. புடைத்த நரம்புகள் போகவில்லை. வலி குறைந்ததே போதும் என்றிருந்தார். ஒருநாள் தபால்காரரிடமிருந்து போன். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், மூன்றாம் மாடியிலிருக்கும் மகள் வீட்டுக்கு நடந்தே ஏறியிருந்தார்.

“வந்து சேர்ந்துட்டேன் தம்பி” என்றார், மூச்சு வாங்க. “இறங்கறதைப் பத்தி சாப்பிட்டு யோசிக்கறேன்.”