அக்காவின் வலது கை

விருந்தோம்பல் மேலாண்மை படிக்கப் போகிறேன் என்று தெரிந்ததும் டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடியே அப்பாவிடம், "எச்சில் மங்கு கழுவவா யூனிவர்சிட்டி?" என்று கேட்டது. அப்பா சிரித்துச் சமாளித்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ரோஷத்திலேயே படித்து, வகுப்பில் முதலாவதாக நின்றேன். மேசை விளிம்பிலிருந்து கத்தி எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், தண்ணீர்க் கிளாஸ் கத்தி நுனிக்கு நேராக எப்படி நிற்க வேண்டும், எல்லாம் எனக்கு அத்துப்படி. கண்ணைக் கட்டிவிட்டாலும் வைப்பேன் என்று பீற்றிக்கொண்டதுண்டு.

என்னோடு படித்த அக்கா அப்படியில்லை. தாசேக் கெலுகோரிலிருந்து வந்தவர். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நான்கு வருடம் வேலை பார்த்து, பணம் சேர்த்து, அதன் பிறகு படிக்க வந்தவர். வகுப்பில் எல்லோருக்கும் மூத்தவர் என்பதால் மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அக்காவுக்கு இடது கைப் பழக்கம். தொழிற்சாலையில் அந்தக் கைக்குப் பெரிய மரியாதையாம். இடுக்கியால் எள்ளளவு பாகங்களை எடுத்து வைப்பதில் அவரை அடிக்க ஆளில்லையாம். எங்கள் பயிற்சி உணவகத்தில் அதே கை பாடாய்ப் படுத்தியது. விருந்தினரின் இடப்பக்கம் நின்று, தாம்பாளத்தை இடது கையில் ஏந்தி, வலது கையின் கரண்டியையும் முள்கரண்டியையும் இடுக்கிபோலப் பிடித்துப் பரிமாற வேண்டும். கையை மாற்றிப் பிடித்தால் முழங்கை விருந்தினரின் முகத்துக்குப் போகும். அதுவும் போக, இந்த ஊரில் யாருக்கு இடது கையால் உணவு வைக்க முடியும்? சோற்றை மட்டும் வலது கையால் சாப்பிட வைப்பதற்குள் அவருடைய அம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டதாம். மற்ற எல்லாவற்றுக்கும் இடது கைதான்.

"இதுல பெயில் ஆனா ஓட்டல் ட்ரெயினிங்குக்கு அனுப்ப மாட்டாங்கம்மா. இன்னொரு வருஷம் இழுக்க என்னால முடியாது. திரும்ப பேக்டரிக்கே போயிட வேண்டியதுதான்" என்றார் அக்கா. அழவில்லை, அலுத்துக்கொள்ளவும் இல்லை. மறுநாள் ஒரு பொட்டலம் கடலையோடு வந்தார்.

அன்றிலிருந்து மதியம்தோறும் கேண்டீனில் ஒரே வேலைதான். ஒரு மங்கிலிருந்து இன்னொரு மங்குக்கு, வலது கையில் பிடித்த கரண்டியாலும் முள்கரண்டியாலும், ஒவ்வொரு கடலையாக. பாதி தரையில் உருளும். மைனாக்கள் எங்கள் மேசையைச் சுற்றிச் சுற்றி வரும்.

"அக்கா, மைனாவுக்கு இன்னிக்கும் விருந்தா?" என்று சீண்டுவேன்.

"சாப்பிட்டுப் போகட்டும் லா. அதுங்களும் கெஸ்ட்தானே" என்பார்.

விரலிடுக்கில் கொப்புளம் வந்தது. பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு தொடர்ந்தார். மூன்று மாதத்தில் கடலையை விட்டுப் பச்சைப் பட்டாணிக்கு மாறினார். நான் சீண்டுவதை நிறுத்திவிட்டேன். அந்தப் பிடிவாதத்தில் பாதி எனக்கு இருந்தால் போதும் என்று தோன்றியது.

தேர்வு அன்று எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. மேசை அமைப்பதும் சூப்பும் என் பொறுப்பு. கோழியும் காய்கறியும் அக்காவுக்கு. வெளியிலிருந்து அழைக்கப்பட்ட நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் நரைத்த தலையோடு ஒரு பெரியவர். விரிவுரையாளர் மதிப்பெண் தாளோடு சுவரோரம் நின்றார்.

பெரியவர் உடம்பைத் திருப்பி, எட்டி, சூப்புக் கரண்டியை எடுத்தார். மூன்று வாய் குடித்ததும் கீழே வைத்துவிட்டார். தண்ணீரை எட்டும்போது கை தட்டிக் கிளாஸ் ஆடியது. மேசைத்துணி நனைந்தது. நான் ஓடிப்போய் ஒற்றி எடுத்து, கிளாஸை மறுபடியும் கத்தி நுனிக்கு நேராக வைத்தேன். விரிவுரையாளர் தலையசைத்தார். பெருமையாக இருந்தது. பாதிக்கு மேல் மிச்சமிருந்த சூப்புக் கிண்ணத்தை முறைப்படி வலப்பக்கமிருந்து எடுத்து வந்தேன். ஏன் குடிக்கவில்லை என்று விரிவுரையாளர் கேட்டதற்கு, பசியில்லை போலிருக்கிறது என்றேன்.

அடுத்தது அக்காவின் முறை. தாம்பாளத்தோடு வருவார் என்று பார்த்தால், வெறுங்கையோடு வந்தார். பெரியவரின் கிளாஸை இடப்பக்கம் நகர்த்தினார். கத்தியை எடுத்துக்கொண்டார். சமையலறைக்குத் திரும்பினார். மேசையே காத்திருந்தது. விரிவுரையாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தாளில் எதையோ எழுதினார். அக்காவின் ஒரு வருடம் அந்தத் தாளில் இருந்தது.

அக்கா வந்தார். தாம்பாளத்தில் ஒரு பங்குக் கோழி மட்டும் சிறு துண்டுகளாக நறுக்கப்பட்டிருந்தது. இடப்பக்கம் நின்று, குனிந்து, வலது கையால் பரிமாறினார். ஒரு பட்டாணிகூடக் கீழே விழவில்லை.

பெரியவர் இடது கையால் முள்கரண்டியை எடுத்தார். அப்போதுதான் பார்த்தேன். அவர் வந்ததிலிருந்தே அவருடைய வலது கை மடியில், துவாலைக்கு அடியில் அசையாமல் கிடந்திருக்கிறது. அவர் தட்டைக் காலி செய்தார். கிளாஸை எடுத்துத் தண்ணீரையும் குடித்து முடித்தார்.

மேசை அமைப்பை மாற்றியதற்கும் தாமதத்துக்கும் அக்காவுக்கு மதிப்பெண் குறைந்தது. விளிம்பில்தான் தேறினார். ஆனாலும் தேறிவிட்டார். அந்த ஆண்டே ஓட்டல் பயிற்சிக்கும் போனார். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்கு. பட்டியலில் என் பெயரைப் பார்த்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் கேண்டீனில் மீ கோரெங் வாங்கி, வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் கரண்டியைப் பிடித்தேன். முதல் வாயே பாவாடையில் விழுந்தது. எதிரே அக்கா சிரிக்கவில்லை.

"பெரியவர் சூப்பைத் தொடும்போதே பாத்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அவர் திரும்பி எடுத்தாருல்ல? நான் எங்க போனாலும் அப்படித்தான் திரும்பணும்" என்றார்.

நான் தண்ணீருக்காக எட்டினேன். இடது கை தட்டைத் தாண்டி வலப்பக்கம் போக வேண்டியிருந்தது. அக்கா கிளாஸை எடுத்து என் இடப்பக்கம் வைத்தார்.