சுபஹு பாங்கோடு வந்த பதில்

போன வருஷம் நவம்பர் மாதம், பகல் பதினொரு மணி இருக்கும். கண்டக்குழி என்ற கரையோர ஊரில் ஒரு வீட்டின் கேட்டடியில் நின்றுகொண்டிருந்தேன். மண்டை பிளக்கும் வெயில். அந்த வெயிலிலும் எனக்கு உடம்பெல்லாம் குளிரெடுத்தது. ஏனென்று சொல்வதற்கு முதல், நான் அங்கே எதற்குப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

காசு வாங்கத்தான் போனேன். அதற்கு முந்தி இரண்டு வருஷம் அந்த ஊரில் ஒரு சுற்றுலா விடுதியில் எனக்குச் சமையல் வேலை. அந்த வீட்டுக்காரருக்குச் சொந்தமான இன்னொரு வீட்டில் மனைவி பிள்ளைகளோடு வாடகைக்கு இருந்தேன். அட்வான்ஸ் ஒன்றரை லட்சம் ரூபா. பிறகு கத்தாரில் வேலை கிடைத்து நான் புறப்பட, மனைவியும் பிள்ளைகளும் புத்தளம் தில்லையடியில் அவளுடைய ராத்தா, அதாவது அக்கா, வீட்டுக்குப் போனார்கள். வீட்டுச் சொந்தக்காரர் ஐம்பது வயது தாண்டிய மீன்பிடிக்காரர், சொந்தமாக ஒரு போட்டு, இயந்திரப் படகு, வைத்திருந்தார். நான் அவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவேன். “மூணு மாசத்துல தாறன் தம்பி” என்று கையைப் பிடித்துச் சொன்னார்.

மூன்று மாதம் போனது. ஜூலையில் போன் எடுத்தபோது இன்னும் ஒரு மாதம் கேட்டார். சரி என்றேன். ஆனால் ஆகஸ்ட் கடைசியிலிருந்து அழைத்தால் எடுப்பதே இல்லை. நான் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவேன், இரண்டு மூன்று மணி நேரம் கழித்து அவருடைய குரல் பதிவு வரும். அவ்வளவுதான்.

எங்களுக்கு அந்தக் காசு அவசரம். ராத்தாவின் மகளுக்கு டிசம்பரில் கல்யாணம் வைத்திருந்தார்கள். அதற்கு முன் என் மனைவி வேறு வீடு பார்த்துப் போயாக வேண்டும். தில்லையடியில் ஒரு வீடு சரி வந்திருந்தது, அட்வான்ஸ் கட்டினால் சாவி. கட்டாவிட்டால் கல்யாண வீட்டில் மூலையில் பாய் போட்டுப் படுக்க வேண்டியதுதான்.

தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு உடுத்த உடுப்போடு வந்த குடும்பம் எங்களுடையது. நான் பிறந்தது புத்தளத்தில், கிடுகுக் கொட்டிலில். அதற்குப் பிறகு எத்தனையோ வாடகை வீடு மாறியாயிற்று. அட்வான்ஸை விழுங்கி ஏப்பம் விட்டவர்களையும் பார்த்தாயிற்று. அதனால் எனக்குச் சந்தேகம் சீக்கிரம் வரும். கோபம் அதைவிடச் சீக்கிரம் வரும்.

வந்த பதில்களும் கோபம் மூட்டுகிற மாதிரித்தான் இருந்தன. “ஒண்டும் நெனச்சிக்காதீங்க தம்பி, கட்டாயம் தருவன், கொஞ்சம் பொறுங்க” என்று ஒன்று. பத்து நாள் கழித்து அதே வார்த்தைகள், அதே இடத்தில் அதே இருமல். எந்தத் திகதி என்று கேட்டால், “கடல் மோசம், போட்ட கரையில இழுத்துப் போட்டிருக்கம்” என்று பதில் வரும். ஒருமுறை என்னை “மச்சான்” என்றார். நக்கல் பண்ணுகிறார் என்று நினைத்தேன்.

ஒரு நாள் எனக்குக் காலை எட்டு மணி, ஊரில் பத்தரை. அவருடைய பதில் வந்தது. குரலுக்குப் பின்னால் பள்ளிவாசல் பாங்கு கேட்டது. தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது என்ற வரி அதில் தெளிவாக இருந்தது. விடியற்காலைத் தொழுகைக்குச் சொல்கிற சுபஹு பாங்கில் மட்டும் வருகிற வரி அது. பத்தரை மணிக்கு எந்தப் பள்ளியில் சுபஹு பாங்கு சொல்கிறார்கள்? இரண்டாம் தரமும் போட்டுக் கேட்டேன்.  வேலை நேரமாகிவிட்டதால் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டேன்.

அன்று பின்னேரம் மனைவிக்கு எல்லாவற்றையும் அனுப்பிக் கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டு அவளே போன் எடுத்தாள்.

“எனக்கு இது ஒரு மாதிரி இரிக்கி. நீங்க கேட்டதுக்கு ஒண்டுக்காச்சும் பதில் இரிக்கா? அவர் ஆரோடயோ கதைக்கிறாரு. உங்களோட இல்ல.”

“ஆள் தண்ணி காட்டுறாரு, வேற ஒண்டுமில்ல” என்று வாயை அடைத்தேன்.

அக்டோபரில் எனக்குப் பொறுமை போய்விட்டது. இன்றைக்கும் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். இறந்தவரை அடக்கும் முன், மையித்தை, அதாவது உடலை, முன்னால் வைத்துக்கொண்டு, இவரிடமிருந்து யாருக்காவது கடன் வரவேண்டி இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்பது எங்கள் வழக்கம். நான் அனுப்பிய பதிவு இதுதான்: “நானா, நீங்க மவுத்தாகி, கடன் இரிக்கா எண்டு பள்ளியில கேக்கிற நேரம், நான் கத்தாருல இருந்தாலும் வந்து கையத் தூக்குவன். கடனோட கபுறுக்குள்ள போகாதீங்க.”

கேட்டதற்கு அடையாளமாக நீலக் குறி விழுந்தது. மூன்று நாள் பதிலில்லை. நாலாம் நாள் ஒரு சின்னப் பதிவு. “ஓம் தம்பி… ஓம்… ஓம்.” அவ்வளவுதான். பின்னால் காற்று மட்டும் இரைந்தது.

நவம்பரில் இரண்டு கிழமை லீவு எடுத்துக்கொண்டு வந்தேன். வந்த மறுநாளே கண்டக்குழிக்கு பஸ் ஏறினேன். எனக்கு அங்கே தெரிந்தவர்கள் எல்லாம் விடுதியில் வேலை செய்த வெளியூர்க்காரர்கள், அவர்களும் எப்போதோ போய்விட்டார்கள். நேரே நானாவின் வீட்டுக்குப் போனேன். கேட் பூட்டியிருந்தது. யன்னல்களில் தடித்த திரை. ஆள் அசுமாத்தமே இல்லை. போனை எடுத்து, “நானா, நான் உங்கட கேட்டடியிலதான் நிக்கிறன். வெளிய வாங்க” என்று பேசி அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் யன்னலுக்குள்ளிருந்து என்னுடைய குரல் எனக்கே கேட்டது. கேட்டடியிலதான் நிக்கிறன், வெளிய வாங்க.

பிறகு நானாவின் குரல். “ஒண்டும் நெனச்…” என்று தொடங்கி அறுந்தது. “கடல் மோ…” அதுவும் அறுந்தது. “இல்ல மச்…” திரும்ப முதலிலிருந்து. ஒரே மனிதர், ஒவ்வொரு வசனத்தையும் வாயில் வைத்துப் பார்த்துத் துப்புகிற மாதிரி. அப்புறம் என் கையிலிருந்த போன் அதிர்ந்தது. போட்டுக் கேட்டேன்.

“இல்ல மச்சான், நான் வீட்டுல இல்ல. கடலுக்கு வந்துட்டன். வந்து பேசுறன்.”

உள்ளே இருந்துகொண்டே பொய்! கேட்டைப் பிடித்து உலுக்கினேன். நல்ல வார்த்தை எதுவும் வாயில் வரவில்லை. பக்கத்து வளவில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவர் எழும்பி வேலியடிக்கு வந்தார்.

“ஆரத் தேடுறீங்க தம்பி?”

“நானாவத்தான். உள்ள இரிந்துக்கிட்டு இல்ல எண்டு சொல்றாரு!”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “வெளிநாட்டால வந்தீங்களா? நானா மவுத்தாகி மூணு மாசமாகுதே. கரையில போட்டத் தள்ளக்குள்ள நெஞ்சு வலி வந்திச்சி. ஆஸ்பத்திரிக்கும் போய்ச் சேரல்ல.”

அவர் சொல்லி முடிக்கவில்லை, யன்னலுக்குள்ளிருந்து நானா மறுபடியும் பேசினார். எனக்குக் கேட்டிலிருந்து கையை எடுக்கவே முடியவில்லை.  அந்த மனிதரோ சாதாரணமாகச் சொன்னார்.

“அது நானாட பொஞ்சாதி. இத்தாவுல இரிக்கா. அவர்ட கொரலப் போட்டுப் போட்டுக் கேக்கிறா, பாவம்.”

கணவன் இறந்தால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பதுதான் இத்தா. அந்நிய ஆண்கள் அவளைப் பார்க்கக் கூடாது, அவள் குரலையும் கேட்கக் கூடாது என்று எங்கள் பக்கம் கண்டிப்பு. ஊர் அவள் துக்கத்தில் கேட்கிறாள் என்று நினைத்திருக்கிறது. நானா எப்போதோ மற்றவர்களுக்கு அனுப்பிய பதிவுகளைத் தேடியெடுத்து, அந்த இரவல் குரலில் அவள் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது அந்த வெயிலில் எனக்கு மட்டும்தான் விளங்கியது. நான் அனுப்பிய அந்த மையித்துப் பேச்சையும் அவள்தான், அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து, கேட்டிருக்கிறாள். பூமி பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று நினைத்தேன்.

காசை மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நான் அவ்வளவு பெரிய மனிதனில்லை, என் பிள்ளைகளுக்கும் கூரை வேண்டும். உள்ளே கூப்பிட்டுப் பேசவும் முடியாது. கடைசியில் வேலியடி மனிதர் போகும்வரை காத்திருந்து, போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து, உயிரோடு இருக்கிற ஆளிடம் பேசுவது போலவே பேசினேன். “சரி நானா, நீங்க கடலுக்குப் போயிட்டு ஆறுதலா வாங்க. காசுக்கு அவசரமில்ல. அண்டைக்கு நான் பேசினது பெரிய பிழை. என்ன மன்னிச்சிடுங்க.”

யன்னலுக்குள் என் குரல் ஓடி முடிந்தது.  நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.

மனைவியின் சங்கிலியை அடகு வைத்துத் தில்லையடி வீட்டை எடுத்தோம். நான் கத்தாருக்குத் திரும்பினேன். ஜனவரியில் ஒரு நாள் வங்கிக் கணக்கில் முழுக் காசும் விழுந்திருந்தது. அதே இலக்கத்திலிருந்து ஒரு குரல் பதிவு. இந்தத் தடவை பெண் குரல்.

“தம்பி, நான் அவர்ட பொஞ்சாதி. இத்தா முடிஞ்சிட்டு. எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது, இத்தாவுல பேசவும் ஏலாது. கடன் எண்டு மச்சினன்மாருக்குத் தெரிஞ்சா போட்ட வித்துடுவாங்க. எனக்கும் மகளுக்கும் அது மட்டும்தான் இரிக்கி. சீசன் தொடங்கிறவரைக்கும் உங்கள நிப்பாட்டி வைக்க எனக்கு வேற வழி தெரியல்ல. இப்ப போட்டு கடலுக்குப் போகுது.” கடைசியில் ஒன்று கேட்டாள். “அவர்ட பழைய போன் அவர் இரிக்கக்குள்ளயே கடல்ல விழுந்திட்டு. நீங்க வாடகைக்கு இரிந்த காலத்துல அவர் உங்களுக்கு அனுப்பின கொரல் என்னமும் இரிந்தா, எனக்கு அனுப்பி வைங்க தம்பி.”

என் போனைப் பின்னோக்கித் தேடினேன். ஒன்பது இருந்தன. தண்ணி மோட்டர் போட்டிருக்கன், டாங்கிய நெறச்சிக்கோங்க என்று ஒன்று. கரண்ட் பில் வந்திருக்கு என்று ஒன்று. கடைசியாக அகப்பட்டதில், “தம்பி, எங்கட வீட்டுல மீன் ஆணம் ஆக்கி இரிக்கா, சட்டியோட வாங்க” என்கிறார். பின்னால் ஒரு பெண் சிரிக்கிறாள். ஒவ்வொன்றாக அனுப்பினேன். ஒவ்வொன்றும் உடனே நீலமானது. 

இன்றும் யாருக்காவது கோபத்தில் பேசி அனுப்பப் போகும்போது, மறுமுனையில் அதைக் கேட்கப்போவது யாரோ என்று ஒரு தரம் யோசித்த பிறகுதான் விரலை எடுக்கிறேன்.