உரனுக்கு விழுந்த நான்கு

ஓய்வுபெறும்வரை கல்லூரியில் தமிழ் கற்பித்தேன். விடைத்தாள் திருத்துவதில் எனக்குக் கை இறுக்கம் என்று பெயர். முப்பத்தொன்பது பெற்றவனுக்கு ஒன்று கூட்டினால் தேறிவிடுவானே என்று உடன் திருத்துவோர் சொல்வார்கள். நான் கூட்டியதில்லை. இல்லாததை இருப்பதாக எழுதுவது, எத்துணைச் சிறிதாயினும், பொய் என்றே எண்ணியிருந்தேன்.

என் மகளுக்கு முப்பத்திரண்டு வயது. பெங்களூரில் பணியிலிருந்தவள், தசைகள் மெல்ல வலுவிழக்கும் நோயோடு சென்ற ஆண்டு புதுக்கோட்டைக்கு எங்களிடமே வந்துவிட்டாள். ஞாயிறு பிற்பகல்களில் கைப்பேசித் திரைவழியே நண்பர் நால்வரோடு ஒரு விளையாட்டு ஆடுவாள். ஒருத்தி கதையை நடத்த, மற்றவர் ஆளுக்கொரு கதைமாந்தராக அதற்குள் புகுந்து பேசுவர்; ஐயம் வருமிடத்தில் பகடை முடிவு சொல்லும். அவள் விரல்கள் பகடையைப் பற்ற மறுத்த நாள்முதல் அவளுக்காக உருட்டுபவன் நானானேன்.

அண்மையில் ஒருநாள் திருச்சி மருத்துவர் அவளை வெளியே இருத்திவிட்டு என்னை மட்டும் அழைத்தார். மூச்சுக்குரிய தசைகளிலும் நோய் இறங்கிவிட்டது என்றார். ஓராண்டு, மிஞ்சினால் ஒன்றரை என்றார். திரும்பும் வழியில் கீரனூரில் தேநீருக்கு வண்டி நின்றபோது, "என்னப்பா சொன்னாரு?" என்று கேட்டாள்.

"அப்படியேதான் இருக்காம். மருந்த விடாமச் சாப்பிடச் சொன்னாரு."

அவள் உறிஞ்சுகுழலில் தேநீரைப் பருகிக்கொண்டு சாலையைப் பார்த்திருந்தாள். வீட்டில் மனைவியிடமும் அதையே சொன்னேன்.

அடுத்த ஞாயிறன்று அவளுக்குப் புதிய மாந்தர் ஒருத்தியைப் படைக்க வேண்டியிருந்தது. பழையவள் கதையில் போரில் இறந்துவிட்டாள். மாந்தர் எவர்க்கும் திறன்கள் ஆறு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வேண்டும்; எண் கூடக் கூடத் திறனும் கூடும். ஆங்கிலப் பெயர்கள் என் செவிக்கு ஒவ்வாமையால் நானே பெயரிட்டுத் தந்திருந்தேன்: வலிமை, விரைவு, உரன், அறிவு, தெளிவு, ஈர்ப்பு. நோயையும் காயத்தையும் தாங்கும் உடலுறுதியே உரன்.

"உரன்னு சொன்னா யூரியா மூட்டையான்னு கேக்குறானுங்கப்பா" என்று சிரித்தாள்.

எண் பெறும் முறைகளை அவளே விளக்கினாள். மூன்று பகடைகளை ஆறு முறை உருட்டி, ஒவ்வொரு முறையும் வரும் கூட்டுத்தொகையைத் திறன்களுக்கு வரிசையாகவே ஏற்பது ஒன்று. நான்கு பகடைகளை உருட்டி, மிகக் குறைந்ததைத் தள்ளிவிட்டு மற்ற மூன்றைக் கூட்டி, வேண்டிய திறனுக்கு வைத்துக்கொள்வது இன்னொன்று. வேறொன்றில் பகடையே இல்லை. எல்லார்க்கும் ஒரே அளவுப் புள்ளிகள், அவரவர் விருப்பம்போல் பங்கிட்டுக்கொள்ளலாம்.

"பங்கிடுறதுதானம்மா நேர்மை?" என்றேன்.

"அது கடையில சாமான் வாங்குற மாதிரிப்பா. எனக்கு மொதச் சொன்ன முறைதான். வர்றத வச்சு ஆடிக்கிறேன்."

கதை நடத்தும் தோழி திரையிலிருந்து குறுக்கிட்டாள். "இருக்குறதுலயே கஷ்டமானதப் பாத்துத்தான் எடுப்பியாடி? அப்பா, நீங்களாச்சும் சொல்லுங்க."

"அவருட்டயா? ஒரு மார்க்குக்கு ஊரே அழுதாலும் போட மாட்டாரு. அதுனாலதான் அவர உருட்ட வச்சிருக்கேன்."

கட்டிலருகே முக்காலியில் எவர்சில்வர் தட்டு இருந்தது. அவளால் தலையைத் திருப்பி அதைக் காண இயலாது. வலிமைக்குப் பதின்மூன்று விழுந்தது, விரைவுக்கு ஒன்பது. அடுத்து உரன். ஒன்று, ஒன்று, இரண்டு. ஆக நான்கு.

"பதினொண்ணு" என்றேன்.

தோழி குறித்துக்கொண்டாள். மகள் எதிரேயிருந்த பீரோவைப் பார்த்தாள். பிறகு, "ஒவ்வொண்ணா சொல்லுங்கப்பா" என்றாள்.

"நாலு, நாலு... மூணு."

"பீரோ கண்ணாடியில தட்டு தெரியுதுப்பா."

நிமிர்ந்து பார்த்தேன். கட்டிலுக்கு எதிரே இருந்த கண்ணாடியில் அவள் முகமும் தட்டும் அதன்மேல் கவிந்த என் தலையும் ஒருங்கே தெரிந்தன.

"நாலுன்னு எழுதிக்கடி" என்றாள் தோழியிடம்.

"நாலா? ரெண்டு சண்டைக்குக்கூடத் தாங்காதுடி. மறுபடி போடச் சொல்லு."

"வேணாம். கொஞ்சம் கழிச்சு வாரேன்." தொடர்பைத் துண்டிக்கச் சொல்லி எனக்குக் கண்ணால் காட்டினாள். துண்டித்தேன்.

"திருச்சி டாக்டர் சொன்னதையும் இப்படித்தான் கூட்டிச் சொன்னீங்களா?"

பகடைகளைத் தட்டிலிருந்து பொறுக்கினேன். மீண்டும் அங்கேயே வைத்தேன்.

"என் ஒடம்புப்பா. எத்தன நாளுன்னு தெரிஞ்சாத்தான என்ன செய்யலாம்னு நான் பாக்க முடியும்?"

சொன்னேன். ஒன்றரை என்பதை முதலில் சொல்லவே நா எழுந்தது. ஓராண்டை முதலில் சொன்னேன். அவள் அழுதாள். கண்ணீரைத் துடைக்க அவளுக்குக் கை எழாது. என் துண்டின் நுனியால் துடைத்தேன்.

"அம்மாவுக்கு?"

"தெரியாது ஆத்தா."

"நானே சொல்லிக்கிறேன். நீங்க சொன்னா பாதியத்தான் சொல்லுவீங்க."

எஞ்சிய மூன்று திறன்களுக்கும் அன்றே உருட்டினேன். என்னென்ன விழுந்தன என்பது நினைவில்லை.

அடுத்த முறை திருச்சிக்குச் சென்றபோது, சக்கரவண்டியை வெளியே நிறுத்துமாறு செவிலியர் கைகாட்டினார். நான் உள்ளே தள்ளிச் சென்றேன். மருத்துவர் அறிக்கையைப் புரட்டிவிட்டு, வழக்கம்போல் என்னை நோக்கினார்.

"என்கிட்டயே சொல்லுங்க டாக்டர்" என்றாள் மகள்.

அவர் தம் இருக்கையை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் கேட்க அஞ்சியவற்றையெல்லாம் அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். படுத்தால் மூச்சு முட்டுமா, பேச்சு எப்போது போகும், மூச்சுக்கருவி வேண்டாம் என்று அவளே சொல்லலாமா. அவர் விடை சொல்லிக்கொண்டே வந்தார். நான் வண்டியின் கைப்பிடியைப் பற்றியவாறு அவள் பின்னே நின்றேன்.